பூமி ஆப்பிளை இழுக்கிறது, ஆப்பிள் பூமியை?

பின்னம், சதவீதம் என்று சின்ன வகுப்புக் கணக்குகளைச் சில மாதங்களாகப் பார்த்துவந்தோம். இந்த மாதம் கொஞ்சம் பெரிய பிள்ளைகளின் பக்கம் போவோம். பாடம்: ஈர்ப்பு விசை.

இரண்டு பொருள்கள், அவற்றுக்கு இடையே ஒரு தூரம். "எவ்வளவு விசை? எவ்வளவு முடுக்கம்?" என்று கேட்கும் கணக்கு. நீங்கள் எந்த நாட்டில் இருந்தாலும், பிள்ளைக்கு 14 வயதிலிருந்து 17 வயதுக்குள் ஏதோ ஒரு வகுப்பில் இது வந்தே தீரும். பார்க்க எளிதான கணக்குதான். ஒரு ஃபார்முலா, நான்கு எண்கள், ஒரு கால்குலேட்டர். ஐந்து நிமிடத்தில் விடை வந்துவிடும்.

விடை போட்டு முடித்த பிள்ளையிடம் ஒரு கேள்வி மட்டும் கேட்டுப் பாருங்கள்: "சரி, பூமி ஆப்பிளை இழுக்குது. ஆப்பிள் பூமியை இழுக்குதா? எவ்வளவு விசையோட?"

நன்றாகப் படிக்கிற பிள்ளையும் இங்கேதான் தடுமாறும். "கொஞ்சமா இழுக்கும்" என்பதுதான் வழக்கமாக வரும் பதில். உண்மையில் இரண்டு விசையும் ஒரே அளவு. ஆப்பிள் பூமியை எவ்வளவு விசையுடன் இழுக்கிறதோ, அவ்வளவே பூமியும் ஆப்பிளை இழுக்கிறது.

இது புரியாமலே அந்தப் பரீட்சையில் முழு மதிப்பெண் வாங்கலாம். அதுதான் சிக்கலே. ஃபார்முலாவில் எண்ணைப் போடத் தெரிந்த பிள்ளைக்குத் தனக்குப் புரிந்துவிட்டது என்ற நினைப்பு வந்துவிடும். மேல்வகுப்பில் கேள்வியைக் கொஞ்சம் திருப்பிக் கேட்டதும், "எனக்கு ஃபிசிக்ஸ் வராது" என்று ஒதுங்கிவிடும். அப்படி ஒதுங்கும் பிள்ளைகளில் பலருக்குக் கணக்கு நன்றாகவே வரும். யாராவது ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து, "இதுக்கு என்ன அர்த்தம்?" என்று கேட்டிருந்தால் போதும். அந்த ஒருவர் நாமாக இருக்கலாம். இயற்பியல் பட்டம் எல்லாம் வேண்டாம்.

முதலில் சொற்கள்

நம்மில் பலர் இங்கேயே பிறந்து, இங்கேயே ஆங்கிலத்தில் படித்தவர்கள். நம் பெற்றோர் ஊரில் தமிழில் படித்தவர்கள். பேரப்பிள்ளையின் ஹோம்வொர்க்கில் உதவ அவர்களுக்கு ஆசைதான், வழிமறிப்பது சொற்கள். அதிலும் தமிழ்நாடும் இலங்கையும் சந்திக்கிற வீடு என்றால் கேட்கவே வேண்டாம்.

எங்கள் வீட்டில் என் பக்கம் யாழ்ப்பாணம், கணவர் பக்கம் திருச்சி. என் அப்பா ஊரில் விஞ்ஞானம் படிப்பித்தவர். மாமியாரும் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். இருவரும் கூடத்தில் இருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, மூத்தவன் நோட்டைத் தூக்கிக்கொண்டு வந்து, மாஸுக்குத் தமிழில் என்ன என்று கேட்டான்.

"நிறை, கண்ணு," என்றார் பாட்டி.

"நிறையோ? அது வெயிட் எல்லோ," என்றார் அம்மப்பா. "மாஸ் எண்டா திணிவு."

"வெயிட்டுக்கு எடைங்க. நிறைன்னா மாஸ்தான். எத்தனை வருஷம் பிள்ளைங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கேன்!"

"நானும் உதைத்தானே படிப்பிச்சனான்."

பையன் என்னைப் பார்த்தான். யார் சொன்னது சரி? இருவர் சொன்னதும் சரி. தமிழ்நாட்டுப் பாடநூலும் இலங்கைப் பாடநூலும் இதில் வெவ்வேறு வழியில் போயிருக்கின்றன. ஒரு சின்னப் பட்டியல் தருகிறேன், ஃபிரிட்ஜில் ஒட்டிவைக்கலாம். முதலில் வருவது தமிழ்நாட்டுச் சொல், அடுத்தது இலங்கைச் சொல்.

மாஸ்: நிறை / திணிவு
வெயிட்: எடை / நிறை
ஆக்சிலரேஷன்: முடுக்கம் / ஆர்முடுகல்
ஸ்பீட்: வேகம் / கதி
வெலாசிட்டி: திசைவேகம் / வேகம்
ஃபோர்ஸ்: இரண்டு பக்கமும் விசை

நிறை, வேகம் என்ற இரண்டு சொற்களைக் கவனியுங்கள். ஒரே சொல்தான், ஆனால் பாக்கு நீரிணையைத் தாண்டினால் பொருள் மாறிவிடுகிறது. நிரல் எழுதிப் பிழைக்கிற எனக்கு இது பழகிய தலைவலி. இரண்டு குழுக்கள் ஒரே பெயரை இரண்டு வெவ்வேறு மாறிகளுக்கு வைத்திருப்பார்கள். தனித்தனியாக ஓடுகிற வரைக்கும் ஒன்றும் தெரியாது. இரண்டையும் ஒன்றாகச் சேர்க்கிற அன்றைக்கு எல்லாம் குழம்பும்.

அதற்கு நாங்கள் செய்வதையே இங்கேயும் செய்யலாம். குழப்பம் தருகிற பெயரை விட்டுவிட்டு, தராத இரண்டை எடுத்துக்கொள்வோம். மாஸுக்குத் திணிவு, வெயிட்டுக்கு எடை. இந்த இரண்டு சொல்லையும் எந்த ஊர்க்காரரும் மாற்றிப் புரிந்துகொள்ள மாட்டார். ஆக்சிலரேஷனுக்கு முடுக்கம் என்றே வைத்துக்கொள்கிறேன். உங்கள் வீட்டில் ஆர்முடுகல் என்றால் அப்படியே மாற்றிப் படியுங்கள்.

திணிவு என்பது ஒரு பொருளில் எவ்வளவு சரக்கு இருக்கிறது என்பதன் அளவு, கிலோகிராமில். எங்கே கொண்டுபோனாலும் மாறாது. எடை என்பது அந்தப் பொருளை ஒரு கிரகமோ நிலவோ இழுக்கிற விசை, நியூட்டனில். இடத்துக்கு இடம் மாறும். கடையில் கிலோக்கணக்கில் "எடை போடுவதால்" இந்த இரண்டும் நம் பேச்சில் கலந்துவிட்டன. கணக்குப் போடும்போது பிரித்துவிட வேண்டும்.

ஃபார்முலா சொல்வது என்ன?

நியூட்டன் 1687-ல் வெளியிட்ட 'பிரின்சிபியா' நூலின் விதியைப் பேச்சுத் தமிழில் இப்படிச் சொல்லலாம்: இரண்டு திணிவையும் பெருக்கு, நடுவில் இருக்கிற தூரத்தின் வர்க்கத்தால் வகு, வருவதை ஒரு மாறிலியால் பெருக்கு. அதுதான் விசை.

அந்த மாறிலிதான் பிள்ளைகள் 'பெரிய ஜி' என்று சொல்வது. அதன் மதிப்பு 6.674 × 10⁻¹¹. அதாவது 0.00000000006674. எவ்வளவு சின்ன எண் என்று பாருங்கள். ஈர்ப்பு விசை நம் வீட்டுப் பொருள்களுக்கு நடுவில் ஏன் கண்ணுக்குத் தெரிவதில்லை என்ற கேள்விக்குப் பதில் இந்தப் பூச்சியங்கள்தான்.

தூரத்தின் வர்க்கம் என்பதையும் ஒரு நிமிடம் நின்று பார்க்க வேண்டும். தூரம் இரண்டு மடங்கானால் விசை பாதியாகாது, கால்வாசியாகும். மூன்று மடங்கானால் ஒன்பதில் ஒரு பங்கு. 60 மடங்கானால் 3,600-ல் ஒரு பங்கு. இந்தக் கடைசி எண்ணைச் சும்மா எடுக்கவில்லை. பூமியின் மையத்திலிருந்து நாம் நிற்கும் தூரத்தைப்போல் ஏறத்தாழ 60 மடங்கு தூரத்தில் நிலா இருக்கிறது. நம்மிடம் 9.8 ஆக இருக்கும் முடுக்கம் அங்கே 3,600-ல் ஒரு பங்காக, அதாவது 0.0027 ஆக இருக்க வேண்டும். நிலா 27.3 நாளில் ஒருமுறை பூமியைச் சுற்றி வருவதை வைத்துத் தனியாகக் கணக்கிட்டாலும் அதே 0.0027 வருகிறது. மரத்திலிருந்து விழும் பழத்துக்கும் வானத்து நிலாவுக்கும் ஒரே விதி என்று நியூட்டன் காட்டியது இப்படித்தான்.

சமையலறை மேசையில் ஒரு கணக்கு

பாடப்புத்தகங்கள் நேராகப் பூமிக்கும் சூரியனுக்கும் போய்விடும். நாம் வீட்டிலிருந்தே தொடங்குவோம். அம்மா 60 கிலோ. சின்னவள் 20 கிலோ. நடுவில் 1 மீட்டர். மனித உடம்பு உருண்டை இல்லைதான், ஆனாலும் கணக்குக்காக இரண்டு உருண்டைகளாக நினைத்துக்கொள்வோம். தூரத்தை மையத்திலிருந்து மையத்துக்கு அளக்கிறோம்.

6.674 × 10⁻¹¹ × 60 × 20 ÷ 1² = 8 × 10⁻⁸ நியூட்டன் (ஏறத்தாழ).

இது எவ்வளவு? ஒரு அரிசி மணி சுமார் 20 மில்லிகிராம் இருக்கும். அதன் எடையை 2,000 பங்காகப் பிரித்து, ஒரு பங்கை எடுத்தால் அதைவிடவும் குறைவு. தரையின் உராய்வு இதைப்போல் கோடிக்கணக்கான மடங்கு பெரியது. அதனால்தான் யாரும் யாரிடமும் வழுக்கிக்கொண்டு போவதில்லை.

இப்போது முக்கியமான இடம். அம்மா பிள்ளையை இழுப்பது 8 × 10⁻⁸ நியூட்டன். பிள்ளை அம்மாவை இழுப்பது? அதே 8 × 10⁻⁸. ஃபார்முலாவில் 60-ஐயும் 20-ஐயும் இடம் மாற்றிப் பெருக்கினாலும் 1,200 தானே? இதை வாயால் விளக்குவதைவிட, பிள்ளையையே இரண்டு தடவை கணக்குப் போடச் சொல்லுங்கள். முதல் தடவை "அம்மா என்னை", இரண்டாம் தடவை "நான் அம்மாவை". இரண்டு விடையும் ஒன்றாக வரும்போது மூளைக்குள் ஏதோ ஒன்று அசையும்.

அப்படியானால் வித்தியாசம் எங்கே? முடுக்கத்தில். விசையைத் திணிவால் வகுத்தால் முடுக்கம்.

பிள்ளைக்கு: 8 × 10⁻⁸ ÷ 20 = 4 × 10⁻⁹.
அம்மாவுக்கு: 8 × 10⁻⁸ ÷ 60 = 1.33 × 10⁻⁹.

அலகு, மீட்டர் வகுத்தல் வினாடியின் வர்க்கம். விசை ஒன்றுதான், ஆனால் மூன்றில் ஒரு பங்கு திணிவு உள்ள பிள்ளைக்கு மூன்று மடங்கு முடுக்கம். விசையும் முடுக்கமும் வேறு வேறு என்பது இந்த இரண்டு வரியில் தெரிந்துவிடும். பிள்ளைகள் "ஆப்பிள் கொஞ்சமா இழுக்கும்" என்று சொல்லும்போது அவர்கள் மனதில் இருப்பது பூமி நகராமல் இருப்பதுதான். நகர்வதைப் பார்த்து விசையை ஊகிக்கிறார்கள்.

அதையும் கணக்காகவே போட்டுவிடலாம். 100 கிராம் ஆப்பிளுக்கும் பூமிக்கும் இடையே விசை ஏறத்தாழ 1 நியூட்டன். ஆப்பிளின் முடுக்கம், 0.1-ஆல் வகுத்தால், ஏறத்தாழ 9.8. பூமியின் திணிவு 5.97 × 10²⁴ கிலோகிராம். அதே 1 நியூட்டனை இதனால் வகுத்தால் 1.6 × 10⁻²⁵. ஆப்பிள் 2 மீட்டர் விழுவதற்குள் பூமி மேலே வந்திருக்கும் தூரம் 3.4 × 10⁻²⁶ மீட்டர். அணுக்கருவைக் காட்டிலும் பல ஆயிரம் கோடி மடங்கு சிறியது. ஆனால் பூச்சியம் இல்லை. பிள்ளை மரத்திலிருந்து குதித்தால் பூமியும் அதை நோக்கி வருகிறது என்று சொல்லிப் பாருங்கள், எந்தப் பதின்ம வயதுப் பிள்ளையும் போனிலிருந்து தலையைத் தூக்கும்.

காணாமல் போகும் திணிவு

விழுகிற பொருளின் முடுக்கத்தைக் கணக்கிடும்போது ஒரு வேடிக்கை நடக்கும். விசைக்கான ஃபார்முலாவில் அந்தப் பொருளின் திணிவால் பெருக்குகிறோம். முடுக்கத்துக்காக அதே திணிவால் வகுக்கிறோம். பெருக்கியதும் வகுத்ததும் அடிபட்டுப் போய்விடும். மிஞ்சுவது பூமியின் திணிவும், மையத்திலிருந்து உள்ள தூரமும் மட்டும்.

6.674 × 10⁻¹¹ × 5.97 × 10²⁴ ÷ (6,371,000)² = 9.8

இதுதான் 'சின்ன ஜி'. பெரிய ஜி பிரபஞ்சம் முழுக்க ஒன்றே. சின்ன ஜி இடத்தைப் பொறுத்தது. இரண்டையும் மாற்றிப் போடுவது இந்தப் பாடத்தில் மிகச் சாதாரணமாக நடக்கும் பிழை.

விழுகிற பொருளின் திணிவு அடிபட்டுப் போவதால், காற்று குறுக்கே வராவிட்டால், இரும்பும் இறகும் ஒன்றாகத்தான் விழும். 1971 ஆகஸ்டில் அப்பல்லோ 15 பயணத்தில் டேவிட் ஸ்காட் நிலாவில் நின்று ஒரு சுத்தியலையும் ஒரு பருந்தின் இறகையும் ஒரே நேரத்தில் கைவிட்டார். இரண்டும் சேர்ந்தே தரையைத் தொட்டன. வீடியோ இணையத்தில் கிடைக்கிறது. ஆனால் கணக்கைப் போட்ட பிறகு காட்டுங்கள். முதலில் காட்டினால் அது வெறும் வேடிக்கை. பிறகு காட்டினால், தாளில் தான் அடித்துவிட்ட திணிவு அங்கே விழுவது பிள்ளைக்குத் தெரியும்.

நிலாவின் திணிவு 7.35 × 10²² கிலோகிராம், ஆரம் 1,737 கிலோமீட்டர். இவற்றைப் போட்டால் அங்கே சின்ன ஜி 1.62. இங்கே 40 கிலோ காட்டும் பிள்ளையை அதே தராசில் நிலாவில் நிறுத்தினால் 6.6 என்று காட்டும். திணிவு அப்போதும் 40 கிலோதான். குறைந்தது எடை.

இன்னொரு கேள்வி, இது சின்னப் பிள்ளைகளும் கேட்பது: "விண்வெளி நிலையத்தில் ஏன் எல்லாரும் மிதக்கிறாங்க? அங்க ஈர்ப்பு இல்லையா?" கணக்குப் போட்டுப் பார்ப்போம். நிலையம் ஏறத்தாழ 400 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகிறது. பூமியின் மையத்திலிருந்து 6,771 கிலோமீட்டர். முடுக்கம் 8.7 வருகிறது. தரையில் இருப்பதில் ஏறத்தாழ 89 சதவீதம்! ஈர்ப்பு அங்கே நன்றாகவே இருக்கிறது. நிலையமும் அதற்குள் இருப்பவர்களும் அந்த 8.7-ல் ஒன்றாகவே விழுந்துகொண்டிருக்கிறார்கள். வினாடிக்கு 7.7 கிலோமீட்டர் பக்கவாட்டில் ஓடிக்கொண்டே விழுவதால் பூமியில் மோதாமல் சுற்றிச் சுற்றி வருகிறார்கள். ஒன்றாக விழுபவர்களுக்குக் காலடியில் தரை அழுத்தாது. அதுதான் மிதப்பு. திணிவு அடிபட்டுப் போகும் அந்த ஒரு வரிதான் இதற்கும் விளக்கம்.

பெரிய ஜியை எப்படி அளந்தார்கள்?

பூமியின் திணிவு தெரிந்தால்தான் பெரிய ஜி கிடைக்கும். பெரிய ஜி தெரிந்தால்தான் பூமியின் திணிவு கிடைக்கும். நியூட்டன் காலத்தில் இரண்டும் தெரியாது. முடிச்சை அவிழ்க்க ஒரே வழி, திணிவு தெரிந்த இரண்டு பொருள்களை வைத்து, அவற்றுக்கு நடுவில் உள்ள விசையை நேரடியாக அளப்பது. நாம் சமையலறையில் போட்ட கணக்கையே நிஜத்தில் செய்து பார்ப்பது.

ஹென்றி கேவண்டிஷ் 1798-ல் வெளியிட்ட ஆய்வு அதுதான். கருவியை முதலில் திட்டமிட்டுச் செய்தவர் ஜான் மிட்செல் என்ற பாதிரியார். அதைப் பயன்படுத்துமுன்பே அவர் 1793-ல் இறந்துபோனார். ஏறத்தாழ 1.8 மீட்டர் நீள மரத்தண்டு, அதன் இரு முனைகளிலும் 0.73 கிலோ ஈய உருண்டைகள், நடுவில் ஒரு மெல்லிய கம்பியில் தொங்கல். பக்கத்தில் இரண்டு பெரிய ஈய உருண்டைகள், ஒவ்வொன்றும் 158 கிலோ. பெரியது சின்னதை இழுக்கும்போது தண்டு திரும்பும், கம்பி முறுக்கும். முறுக்கின் அளவிலிருந்து விசையைக் கணக்கிடலாம்.

பெரிய உருண்டைக்கும் சின்ன உருண்டைக்கும் இடையே மையத்துக்கு மையம் சுமார் 23 சென்டிமீட்டர். நம் ஃபார்முலாவில் போட்டால் விசை ஏறத்தாழ 1.5 × 10⁻⁷ நியூட்டன். அம்மாவுக்கும் சின்னவளுக்கும் நடுவில் வந்ததைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு, அவ்வளவுதான். மனிதர் அருகில் நின்றால் உடம்புச் சூட்டில் எழும் காற்றோட்டமே தண்டைத் திருப்பிவிடும். அதனால் கருவியை ஓர் அறைக்குள் பூட்டி, வெளியே நின்று தொலைநோக்கி வழியாகப் பார்த்தார் கேவண்டிஷ். பூமியின் அடர்த்தி தண்ணீரைப்போல் 5.48 மடங்கு என்று எழுதினார். இன்றைய மதிப்பு 5.51. இருநூறு வருடத்துக்கு முன், மின்சாரம் இல்லாத ஒரு வீட்டுக் கொட்டகையில்!

பெரிய பிள்ளைகளுக்கு ஒரு கணக்கு: பெரிய ஜியும், 9.8-ம், பூமியின் ஆரமும் மட்டும் தருகிறேன், பூமியின் திணிவைக் கண்டுபிடி. ஃபார்முலாவைத் திருப்பி எழுதினால் 5.97 × 10²⁴-க்குப் பக்கத்தில் வரும். சமையலறை மேசையில் உட்கார்ந்தபடியே பூமியை எடை போட்டாயிற்று.

விசை மாறிக்கொண்டே இருந்தால்?

இனி வருவது என் தொழில் பக்கம். அம்மாவையும் சின்னவளையும் உராய்வும் பூமியும் இல்லாத வெறும் வெளியில், 1 மீட்டர் இடைவெளியில் அசையாமல் விட்டுவிட்டால் எவ்வளவு நேரத்தில் சேருவார்கள்?

பள்ளியில் சொல்லிக்கொடுத்த முடுக்கச் சமன்பாட்டைப் போட்டால் 5.4 மணி நேரம் என்று வரும். அது அதிகம். அந்தச் சமன்பாடு முடுக்கம் மாறாது என்று வைத்துக்கொள்கிறது. இங்கே நெருங்க நெருங்கத் தூரம் குறைகிறது, விசை கூடுகிறது.

இதற்கு நுண்கணிதம் தேவை. அது தெரியாத 14 வயதுப் பிள்ளைக்கு ஒரு ஸ்ப்ரெட்ஷீட் போதும். ஒரு வரிக்கு ஒரு நிமிடம். ஒவ்வொரு வரியிலும் இப்போதைய தூரத்தை வைத்து இரண்டு முடுக்கத்தையும் கணக்கிடு. முடுக்கத்தை 60 வினாடியால் பெருக்கி வேகத்தில் கூட்டு. வேகத்தை 60-ஆல் பெருக்கி இடத்தை நகர்த்து. புதுத் தூரத்தோடு அடுத்த வரிக்குப் போ. ஒரு வரியை எழுதி இழுத்துவிட்டால் மீதி தானாக நிரம்பும். பைத்தான் படிக்கிற பிள்ளை என்றால் ஐந்தாறு வரி நிரல்.

முதல் நிமிட முடிவில் இருவரும் சேர்ந்து நெருங்கியிருப்பது மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு. முதல் 10 சென்டிமீட்டருக்கு 1 மணி 40 நிமிடம். பாதித் தூரத்துக்கு ஏறத்தாழ மூன்றரை மணி நேரம். மையங்களுக்கு நடுவே 30 சென்டிமீட்டர் வரும்போது, அதாவது உடம்புகள் தொடும்போது, 3 மணி 54 நிமிடம். அப்போதும் அவர்கள் நெருங்கும் வேகம் வினாடிக்கு 0.16 மில்லிமீட்டர்தான். நத்தை இதைவிட வேகமாகப் போகும்.

தூரம் பூச்சியத்தை நெருங்கும் கடைசி வரிகளில் ஸ்ப்ரெட்ஷீட் தாறுமாறான எண்களைக் கொட்டும். பூச்சியத்தால் வகுக்கப் பார்க்கிறது. "ஏன் இப்படி வருது?" என்று பிள்ளை கேட்டால் நல்லது. நிஜ உடம்புகள் புள்ளிகள் இல்லை என்பதும், எந்த ஃபார்முலாவுக்கும் ஓர் எல்லை உண்டு என்பதும் அங்கே தெரியும்.

இன்னொன்றையும் அந்தப் பட்டியலில் பார்க்கலாம். எந்த வரியை எடுத்தாலும், பிள்ளை நகர்ந்த தூரம் அம்மா நகர்ந்ததைப்போல் சரியாக மூன்று மடங்கு இருக்கும். விசை மாறிக்கொண்டே போனாலும் அந்த விகிதம் மாறாது. பூமியும் நிலாவும் இப்படித்தான் இரண்டுக்கும் பொதுவான ஒரு புள்ளியைச் சுற்றுகின்றன. பூமி மிகக் கனம் என்பதால் அந்தப் புள்ளி பூமிக்கு உள்ளேயே, தரைக்கு ஏறத்தாழ 1,700 கிலோமீட்டர் கீழே இருக்கிறது.

நோட்டைப் பார்க்கும்போது

விடை தப்பாக வந்தால் இந்த ஐந்து இடங்களைப் பாருங்கள். பெரும்பாலும் இவற்றில் ஒன்றாகத்தான் இருக்கும்.

1. கிலோமீட்டரை மீட்டராக மாற்றவில்லை. தூரத்துக்கு வர்க்கம் இருப்பதால் 1,000 மடங்கு பிழை 10 லட்சம் மடங்காகும்.

2. தூரத்தை வர்க்கப்படுத்த மறந்தது. அல்லது கால்குலேட்டரில் அடைப்புக்குறி போடாமல், எண்ணுக்கு மட்டும் வர்க்கம் போட்டு, பத்தின் அடுக்கை அப்படியே விட்டது.

3. தரையிலிருந்து உயரத்தை மட்டும் போட்டது. எப்போதும் மையத்திலிருந்து மையத்துக்கு. விண்வெளி நிலையத்துக்கு 400 இல்லை, 6,771.

4. பெரிய ஜியையும் சின்ன ஜியையும் மாற்றிப் போட்டது.

5. முடுக்கத்துக்குத் தவறான திணிவால் வகுத்தது. யாருடைய முடுக்கம் கேட்கிறார்களோ அவருடைய திணிவால்தான் வகுக்க வேண்டும்.

விடை வந்ததும், "இது நம்பும்படியா இருக்கா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். இரண்டு பேருக்கு நடுவில் 800 நியூட்டன் என்று வந்தால், கதவைத் திறந்து வரும் விருந்தாளி நேராகப் போய் அம்மா மேல் மோதியிருப்பார். எண்ணைப் பார்த்துச் சிரிக்கத் தெரிந்த பிள்ளை பிழையைத் தானே கண்டுபிடித்துவிடும்.

சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து, 1930-ல் கேம்பிரிட்ஜுக்குக் கப்பலேறி, பிறகு சிகாகோவில் வாழ்ந்த சுப்பிரமணியன் சந்திரசேகர் உங்களுக்குத் தெரிந்தவர்தான். 1983-ல் நோபல் பரிசு பெற்றவர். 1995-ல், தன் வாழ்க்கையின் கடைசி ஆண்டில், நியூட்டனின் 'பிரின்சிபியா'வைச் சாதாரண வாசகருக்கு விளக்கும் ஒரு பெரிய நூலை வெளியிட்டார். நியூட்டனின் நிரூபணத்தைப் பார்க்குமுன் ஒவ்வொன்றையும் முதலில் தானே போட்டுப் பார்ப்பது அவர் வைத்துக்கொண்ட முறை. எண்பது வயதைத் தாண்டிய ஒருவர், 300 வருடப் பழைய கணக்கை, விடையை மூடிவைத்துவிட்டுப் போட்டார்.

இந்த வார இறுதியில் நீங்களும் அப்படிச் செய்யலாம். பிள்ளையின் நோட்டைத் திறக்குமுன், உங்கள் வீட்டு இரண்டு பேரின் கிலோவை எடுத்து ஒரு தாளில் கணக்கைப் போடுங்கள். தாத்தா பாட்டி பக்கத்தில் இருந்தால் அவர்களையும் கூப்பிடுங்கள். திணிவா நிறையா என்று சண்டை வரும், வரட்டும். அந்தச் சண்டையில் பிள்ளைக்கு இரண்டு சொல்லும் நினைவில் நின்றுவிடும்.

அடுத்த மாதம் ஒலியும் அலைகளும். பார்ப்போம்.